மண் சரிந்து முகாமுக்குப் போனால்: நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று எந்தத் தாலுகாவில் இருந்தாலும் சரி, உங்கள் வீடு சரிவுக்கு மேலேயோ கீழேயோ இருந்தால் இது உங்களுக்காக எழுதியது. மழையில் வீடு போய், அல்லது "இனி அங்கே இருக்க வேண்டாம்" என்று இறக்கிவிடப்பட்டு, பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தக் காகிதம் வேண்டும், எவ்வளவு பணம் வரும், எத்தனை நாளுக்குள் எதை முடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் எஸ்டேட் லைனுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே மண் இறங்கிய பிறகு என் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் தாலுகா ஆபீசுக்கும் பேங்குக்கும் அலைந்தோம். விஷயம் தெரிந்த ஒருவர் முதல் வாரமே பக்கத்தில் இருந்திருந்தால் அந்த அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வீடு எவ்வளவு போனது என்பதைவிட, சேதக் கணக்கெடுப்புத் தாளில் என்ன எழுதினார்கள் என்பதை வைத்துத்தான் பணமும் வீடும் வரும். அதனால் முதல் பத்து நாட்கள் ரொம்ப முக்கியம்.

1. மழைக்கு முன்பே ஒரு பை

கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்துக்காரர்கள் மே மாதக் கடைசிக்குள் இதைச் செய்துவிடுங்கள். அங்கே தென்மேற்குப் பருவமழைதான் பயம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சரியும். 2009 நவம்பரை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இங்கே செப்டம்பர் முடிவதற்குள் பை தயாராக இருக்கட்டும்.

தண்ணீர் புகாத கவர் ஒன்றில் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பேங்க் பாஸ்புக், பட்டா அல்லது பத்திர நகல், வீட்டுவரி ரசீது, கடைசிக் கரண்ட் பில், சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் போடுங்கள். எஸ்டேட்டில் வேலை என்றால் சம்பளச் சீட்டும் பி.எஃப். எண்ணும் வேண்டும். இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்றால் அப்போது கொடுத்த குடும்ப அட்டையையும் பாஸ்போர்ட்டையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு நகல் கேட்டு அலைவது பெரும்பாடு.

ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். உங்கள் போனும் மண்ணுக்குள் போகலாம். கூடவே வீட்டை வெளியே நான்கு பக்கமும், உள்ளே ஒவ்வொரு அறையும், தரை, கூரை, பீரோ, டிவி எல்லாம் தெரிய ஒரு வீடியோ எடுங்கள். செலவே இல்லாத வேலை இது. பின்னால் "இங்கே வெறும் குடிசைதான் இருந்தது" என்று யாராவது எழுதினால் மறுப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2. இறங்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள்

தரையில் புது விரிசல், மரமோ கரண்ட் கம்பமோ சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, கதவு மூட முடியாமல் இறுகுவது: இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112. கிளம்பும்போது மாத்திரைகள், மூக்குக் கண்ணாடி, போன் சார்ஜர், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டை அவிழ்த்துவிடுங்கள்.

3. முகாமில் முதல் வேலை: பதிவேட்டில் பெயர்

முகாமுக்குள் போனதும் ஒரு நோட்டில் பெயர் எழுதுவார்கள். சோறு எத்தனை பேருக்கு வேண்டும் என்று பார்க்கத்தான் எழுதுகிறார்கள் என்று பலரும் நினைத்து, குடும்பத்துக்கு ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். அந்த நோட்டுதான் நீங்கள் இடம்பெயர்ந்தவர் என்பதற்கு முதல் ஆதாரம்.

ஒவ்வொருவர் பெயரும் வயதும் தனித்தனியாக இருக்க வேண்டும். கைக்குழந்தையையும் விடக்கூடாது. ஒரே வீட்டில் அப்பா ஒரு அடுப்பு, கல்யாணமான மகன் ஒரு அடுப்பு என்று இருந்தால், ரேஷன் கார்டு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு குடும்பமாக எழுதச் சொல்லுங்கள். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், மாற்றுத்திறனாளி, சர்க்கரை, டயாலிசிஸ் போன்ற விவரங்களையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பேரிடரில் கணவரை இழந்த பெண்களுக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் விதி. அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் சண்டை போடாமல் தேதியையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டால் போதும்.

நிறையப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான்: முகாம் குளிராக இருக்கிறது, கூட்டமாக இருக்கிறது என்று மறுநாளே அக்கா வீட்டுக்கோ மாமனார் வீட்டுக்கோ போய்விடுகிறார்கள். போவதில் தப்பில்லை. பெயரைப் பதிந்துவிட்டு, "உறவினர் வீட்டில் தங்குகிறோம், இதுதான் போன் நம்பர்" என்று வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முகாமில் இல்லாதவர் பாதிக்கப்படாதவர் ஆகிவிடமாட்டார். ஆனால் எழுதாதவரைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

4. முகாமில் எதையெல்லாம் கேட்கலாம்

முகாமில் கிடைப்பது யாரோ மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்துக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வேண்டும் என்கிறது. அதன்படி வகுத்த அளவுகள் இவை: ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், அதாவது சுமார் 38 சதுர அடி. மலைப்பகுதியில் சமதளம் குறைவு என்பதால் இதில் மட்டும் தளர்வு உண்டு. குடிக்க ஒருவருக்கு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும். 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, முகாமிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி உணவு, குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பால்.

எண்களைச் சொல்லிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். "கக்கூஸ் பத்தலீங்க" என்றால் "பார்க்கலாம்" என்பார்கள். "இங்கே 120 பேர் இருக்கோம், ரெண்டு கக்கூஸ்தான் இருக்கு, விதிப்படி நாலு வேணும்" என்று வெள்ளைத்தாளில் எழுதி, நாலைந்து பெண்கள் கையெழுத்துப் போட்டுத் தாசில்தாரிடம் கொடுத்தால் நடமாடும் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்யும் வாய்ப்பு அதிகம்.

கழிப்பறையை நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா? போகும் வழியில் பல்பு எரிகிறதா? பள்ளிக்கூடக் கழிப்பறைகள் பகலில் பிள்ளைகள் போவதற்காகக் கட்டியவை. விளக்கே இருக்காது. தாழ்ப்பாள் கழன்று, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். எங்கள் முகாமில் வயசுப் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். இருட்டில் போகப் பயந்துதான். ஒரு பல்பும், ஒரு தாழ்ப்பாளும், இரவில் கூடப் போக ஒரு பெண் காவலரோ தன்னார்வலரோ இருந்தால் தீர்ந்துவிடும் விஷயம் இது. முகாமின் முதல் சாயங்காலமே இதைக் கேளுங்கள்.

அடுத்தது குளிர். சமவெளியில் ஒரு போர்வை போதும். இங்கே மழைக்காலத்தில் சிமெண்ட் தரை ஐஸாக இருக்கும். தார்ப்பாய், அதற்குமேல் பாய், அதற்குமேல் ஜமக்காளம் என்று கீழே விரிப்பதையும் கேட்டு வாங்குங்கள். மேலே போர்த்துவது மட்டும் போதாது. வயதானவர்களைக் கதவோரம் படுக்க வைக்காதீர்கள். சானிட்டரி நாப்கின், உள்ளாடை, குழந்தைத் துணி ஆகியவற்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரு பெண் மற்றவர்களிடம் கேட்டு எண்ணிக்கை எடுத்துக் கொடுத்தால் போதும்.

யாராவது சாதி பார்த்துத் தனியாக உட்காரச் சொன்னாலோ, தனிப் பாத்திரத்தில் ஊற்றினாலோ, இந்தக் குடும்பத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்றாலோ, அது சட்டப்படி குற்றம் என்று அங்கேயே சொல்லுங்கள். சாதி, மதம், பால், வம்சம் என்று எந்தப் பாகுபாடும் நிவாரணத்தில் கூடாது என்று பேரிடர் சட்டத்தின் 61-ஆம் பிரிவு சொல்கிறது. பழங்குடிக் குடும்பங்கள் முகாமின் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

5. பிள்ளைகளை யாரிடமும் கொடுக்காதீர்கள்

பெற்றோர் இல்லாமல் ஒரு குழந்தை முகாமில் இருந்தால், "நாங்கள் வளர்க்கிறோம்", "ஹாஸ்டலில் சேர்க்கிறோம்" என்று காரில் யார் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது. எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தாலும் சரி. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் அந்தக் குழந்தையை நிறுத்த வேண்டும். பாட்டியோ சித்தப்பாவோ இருந்தால் அவர்களிடமே விடுவதையும் அந்தக் குழு எழுத்தில் செய்யும். அந்த எழுத்து இருந்தால்தான் பிறகு பிள்ளையின் பெயரில் வரும் பணத்துக்குச் சிக்கல் வராது.

வேலை வாங்கித் தருகிறேன் என்று திருப்பூர் மில்லுக்கு வயசுப் பெண்களைக் கூட்டிப்போக ஏஜெண்டுகள் வரலாம். ஆள் யார், எந்த மில், என்ன சம்பளம் என்று எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள். பெண்களுக்கு எந்தத் தொந்தரவு என்றாலும் 181, முதியவர்களுக்கு 14567.

பள்ளி மாற வேண்டியிருந்தால் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

6. கணக்கெடுப்பு நடக்கும் நாள்

இதற்காக ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, வீட்டிடத்தில் நில்லுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சில சமயம் பொறியாளரும் வருவார்கள். அவர்கள் வருவதற்குள் மண்ணை அள்ளிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் தேதியும் இடமும் படத்திலேயே பதியும் கேமரா ஆப்பில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி மூன்று சொற்களில் ஏதாவது ஒன்றைத்தான் எழுதுவார்கள். மத்திய அரசின் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022-23 முதல் 2025-26 வரை வகுத்த விதிமுறையில் அவற்றுக்குத் தொகை இப்படி:

முழுச் சேதம் அல்லது கடுமையான சேதம், மலைப்பகுதியில்: 1,30,000 ரூபாய்.
பகுதிச் சேதம், குறைந்தது 15 சதவீதம்: கெட்டிக் கட்டடத்துக்கு 6,500, மண்சுவர் வீட்டுக்கு 4,000.
குடிசை: 8,000.

இந்த இடைவெளியைப் பாருங்கள். ஒரு சுவர் நிற்கிறது என்பதற்காகப் "பகுதி" என்று எழுதினால் ஒரு லட்சத்து இருபத்தி மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும். கடுமையான சேதமும் முழுச் சேதத்தோடு சேர்ந்ததுதான். அஸ்திவாரம் நகர்ந்திருந்தால், தரை பிளந்திருந்தால், இனிக் குடியிருக்க முடியாது என்றால் அது கடுமையான சேதம். பொறியாளரிடம் "குடியிருக்கத் தகுதியற்றது" என்று எழுத்தில் கேளுங்கள்.

குடிசை என்ற சொல்லில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. மண்சுவரும் தகரக் கூரையும் உள்ள வீட்டைப் பேச்சுவாக்கில் நாமே குடிசை என்று சொல்கிறோம். விதிப்படி குடிசை என்றால் ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் கொண்டு தற்காலிகமாகப் போட்டது. மண்சுவர் வைத்து நிலையாகக் கட்டியது கச்சா வீடு. அது முழுவதும் விழுந்தால் 1,30,000 வகையில் வரும். அதிகாரியிடம் பேசும்போது "என் வீடு" என்றே சொல்லுங்கள், "குடிசை" என்று சொல்லாதீர்கள்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதியதில் உடன்பாடு இல்லை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "சேத வகையை ஏற்கவில்லை, மறு ஆய்வு தேவை" என்று எழுதி, அன்றே தாசில்தாருக்கு மனு கொடுங்கள்.

அதே நேரம் இல்லாததை எழுதச் சொல்லாதீர்கள். பொய்யாக நிவாரணம் கேட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் பொய்க் கணக்குக் கொடுத்தால் அந்த லைன் முழுவதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

7. வீடு தவிர வேறு என்ன கிடைக்கும்

கேட்காமல் விட்டுப்போவது இவைதான். அதே விதிமுறைப்படி, வீடு முழுதாகப் போன குடும்பத்துக்குத் துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்கும் அளவுக்குக் காயம் என்றால் 16,000, அதற்குக் குறைவு என்றால் 5,400. அதற்கு டிஸ்சார்ஜ் சீட்டில் சேர்த்த தேதியும் அனுப்பிய தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, மாட்டுக் கொட்டகைக்கு 3,000. இறந்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள்.

தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் ஹெக்டேருக்கு 22,500. நிலமே சரிந்து போய்விட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000. இரண்டுக்கும் தோட்டக்கலைத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து பார்வையிட வேண்டும்.

இவை மத்திய அளவுகோல். மாநில அரசு சிலவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது. உயிரிழப்புக்கு மத்திய விதிமுறையில் 4 லட்சம். தமிழ்நாடு 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அதை 5 லட்சமாக அறிவித்தது. ஆகவே இந்த மழைக்கு எந்த அரசாணை, அதில் என்ன தொகை என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் நேராக பேங்க் கணக்குக்குத்தான் வரும். ரொம்ப நாள் எடுக்காமல் போட்டு வைத்த கணக்கு முடங்கியிருக்கும். கே.ஒய்.சி. புதுப்பித்து, ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் பாஸ்புக்கில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கூலிக்காரர்கள் பணம் பல மாதம் நின்றுபோவது பெரும்பாலும் ஒரு இனிஷியலால்தான்.

8. பட்டா இல்லாதவர்கள், லைன் வீட்டுக்காரர்கள், வாடகைக்காரர்கள்

வீட்டுக்கான தொகைக்கு அது அங்கீகரிக்கப்பட்ட கட்டடமாக இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. கூடலூர், பந்தலூரில் பிரிவு 17 நிலத்தில் (ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலம்) தலைமுறையாக இருப்பவர்களுக்கு இந்த வரிதான் கழுத்தில் கத்தி. பட்டா இல்லை, பல வீட்டுக்குக் கரண்டும் இல்லை. அதற்காக மனு கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். வீட்டுவரி ரசீது, அந்த முகவரியில் உள்ள ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் பக்கம், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு என்று எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குக் கிடைப்பதை எல்லாம் சேருங்கள். துணி, பாத்திரத் தொகைக்கும், காயத்துக்கும், உயிரிழப்புக்கும் பட்டா தேவையே இல்லை. "பட்டா இல்லாதவருக்கு ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொன்னால், எந்த விதியில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வன உரிமைப் பட்டயம் போய்விட்டால் கவலை வேண்டாம். கோட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்திலும் அதன் பதிவு இருக்கும்.

எஸ்டேட் லைன் என்றால் வீடு கம்பெனியுடையது. கட்டித்தரும் பொறுப்பும் நிர்வாகத்துடையது. வீட்டுக்குள் இருந்த பொருட்கள் உங்களுடையவை. அவற்றுக்கான நிவாரணம் உங்களுக்குத்தான் வர வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து உயிர் போனாலோ காயம் பட்டாலோ நிர்வாகம் ஈடு தர வேண்டும், இயற்கைச் சீற்றம் மட்டுமே காரணம் என்றால் தர வேண்டாம் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்தது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. சுவர் முன்பே விரிசல் விட்டிருந்து, தடுப்புச் சுவர் கேட்டு எழுதிக் கொடுத்தும் செய்யவில்லை என்றால், அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துப் போலீஸ் புகாரிலேயே அதைச் சொல்லுங்கள். எல்லாம் மழையால் என்று ஒரு வரியில் முடித்துவிட விடாதீர்கள். தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் அலுவலரையும் உடனே பாருங்கள்.

வாடகைக்கு இருந்தவர்கள்: வீட்டுத் தொகை உரிமையாளருக்கு, துணி, பாத்திரத் தொகை குடியிருந்த குடும்பத்துக்கு. ஓனர் தன் பெயரிலேயே இரண்டையும் எழுதிவிடுவது நடக்கிறது. கணக்கெடுப்பில் நீங்களும் நில்லுங்கள்.

9. போன காகிதங்களைத் திரும்ப வாங்கும் வரிசை

வரிசை தப்பினால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருப்பி அனுப்புவார்கள்.

முதலில் சிம். அதே நம்பரில் மாற்று சிம் வாங்குங்கள், ஏனென்றால் ஆதார், பேங்க், ரேஷன் மூன்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். கூடவே தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் காணாமல் போன ஆவணங்களுக்கான அறிக்கையைப் பதிந்து அச்செடுங்கள். கட்டணம் இல்லை.

அடுத்து ஆதார். எண் தெரிந்தால் இணையத்தில் இலவசமாக இறக்கலாம். தெரியாவிட்டால் ஆதார் மையத்தில் விரல்ரேகை வைத்து எடுக்கலாம். வருடக்கணக்காகக் கொழுந்து பறித்த கையில் ரேகை தேய்ந்து, மெஷின் ஏற்காது. விரலை மாற்றி மாற்றி வைத்து அம்மாக்கள் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். "கண் ரேகை எடுங்கள்" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிறகு ரேஷன் கார்டு நகல். அது வரும்வரை முகாமுக்குப் பக்கத்துக் கடையிலேயே பொருள் வாங்கலாம், சொந்தக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பட்டாவை அரசின் நில ஆவண இணையதளத்தில் தாலுகா, கிராமம், சர்வே எண் போட்டு எடுக்கலாம். சர்வே எண் தெரியவில்லை என்றால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். பத்திர நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகம்.

மதிப்பெண் சான்றிதழ் போனவர்களுக்கு, பேரிடரில் கல்விச் சான்றிதழ்களை இழந்ததற்கான சான்றிதழ் என்றே இ-சேவையில் ஒன்று இருக்கிறது. 60 ரூபாய். பல ஆபரேட்டர்களுக்கே அது தெரியாது. பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழும் விதவைச் சான்றிதழும் 60 ரூபாய்தான். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். மாவட்ட நிர்வாகம் முகாமிலேயே ஒரே நாளில் எல்லாத் துறையையும் உட்கார வைத்துச் சிறப்பு முகாம் நடத்தச் சொல்லி ஊராகச் சேர்ந்து மனு கொடுத்தால் இந்த அலைச்சலே குறையும்.

10. உயிர் போயிருந்தால்

அழவே நேரம் இல்லாத நாட்களில் இதையும் பார்க்கச் சொல்கிறேன், மன்னியுங்கள். ஆனால் தேதிகள் நமக்காகக் காத்திருப்பதில்லை.

பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த அறிக்கையும் முதல் தகவல் அறிக்கையும் இல்லாமல் எந்தத் தொகையும் நகராது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கணவரை இழந்தவருக்கு மாவட்ட நிர்வாகம் 15 நாளுக்குள் சான்றும், 45 நாளுக்குள் உதவித்தொகையும் தர வேண்டும் என்று தேசிய ஆணைய விதி சொல்கிறது. அந்த நாட்கணக்கை மனுவில் எழுதுங்கள்.

பிறகு இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றும் 2 லட்சம். பேங்க் தானாக வந்து சொல்லாது. விபத்துக் காப்பீட்டுக்கு 30 நாளுக்குள் பேங்க்கில் மனு கொடுத்துவிடுங்கள்.

உடல் கிடைக்கவில்லை என்றால் அன்றே போலீஸில் காணாமல் போனதாகப் புகார் பதியுங்கள். சாதாரணமாக ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் பெரிய பேரிடரில் அரசு சிறப்பு ஆணை போட்டு முன்கூட்டியே இறப்புச் சான்று கொடுக்கலாம். 2013 உத்தராகண்ட் வெள்ளத்தில் அப்படிச் செய்தார்கள். அந்த ஆணை வரும்போது உங்கள் புகார் எண் கையில் இருக்க வேண்டும்.

நீலகிரிக்காரர் எல்லை தாண்டி வயநாட்டில் இறந்திருந்தால், சம்பவம் நடந்த மாநிலத்தில்தான் முதல் மனு. 2024 ஜூலை வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு பந்தலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது பழக்கமான பாதை. நகலைக் கொடுங்கள், அசலை எந்த மாநிலத்திலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

11. பதில் வராவிட்டால்

எந்த மனுவானாலும் இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

முதலில் தாசில்தார், அடுத்து கோட்டாட்சியர் (ஊட்டி, குன்னூர், கூடலூரில் இருக்கிறார்கள்), அப்புறம் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர். முதல்வரின் உதவி மையம் 1100. இரண்டு மாதம் தாண்டினால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள்: "எங்கள் கிராமத்துச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், என் வீட்டுக்கு எழுதிய சேத வகை, அதைப் பரிந்துரைத்த தேதி." 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வி சுருக்கமாக இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளம், நிலநடுக்கம், பெரும் பேரழிவு போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், போனில் 15100. இந்த வழியை எங்கள் பக்கத்தில் ரொம்பச் சிலரே பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் மாதமே போக வேண்டிய இடம் இது.

12. திரும்பிப் போவதா, வேறு இடமா

பள்ளி திறக்க வேண்டும் என்று முகாமைக் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும், அது நியாயம்தான். ஆனால் வீட்டிடம் பாதுகாப்பானது என்று யார் பார்த்துச் சொன்னார்கள், அது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்காமல் திரும்பிப் போகாதீர்கள். மாவட்டத்தில் அபாயகரமானவை என்று பட்டியலிட்ட இடங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் தெரிந்துகொள்ளலாம். வீட்டுக்குத் திரும்ப முடியாது என்றால், பள்ளிக்குப் பதிலாக எங்கே தங்குவது, வாடகைக்கு என்ன உதவி என்பதைக் கேட்டு எழுதி வாங்கிய பின்னரே முகாமை விட்டு வெளியேறுங்கள்.

மாற்று இடம் தருவதாகச் சொன்னால், பட்டியலுக்குச் சம்மதம் எழுதும் முன் நேரில் போய்ப் பாருங்கள். மழை பெய்யும் நாளில் போனால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பஸ் எத்தனை மணிக்கு, வேலைக்குப் போகும் எஸ்டேட் எவ்வளவு தூரம், பெண்கள் இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்று பாருங்கள். பழைய வீட்டைவிடப் புது வீடு பெரிதாக இருந்தும், பஸ் இல்லாமல் வேலையை விட்ட குடும்பங்கள் உண்டு. பட்டாவை மனைவி பெயரில் கேளுங்கள். ஊரார் சேர்ந்து ஒரே இடத்தில் கேட்டால் பழைய அக்கம்பக்கம் பிரியாமல் இருக்கும்.

சொந்தமாகக் கட்டுவதானால், கையில் தொகை வந்த சூட்டில் மண்ணை வெட்டாதீர்கள். நீலகிரியில் கட்டட அனுமதி கெடுபிடியானது, உயரம் 7 மீட்டர் தாண்டக் கூடாது, சரிவான இடத்துக்குக் கூடுதல் துறைகளின் சம்மதம் வேண்டும். அனுமதி இல்லாமல் எழுப்பிய சுவருக்குச் சீல் வைத்துவிட்டால், நிவாரணப் பணமும் அதற்குள் புதைந்துவிடும். பேரூராட்சியிலோ ஊராட்சி ஒன்றியத்திலோ வரைபடத்தைக் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, மழை முடிந்து தை பிறந்த பிறகு அஸ்திவாரம் தோண்டுங்கள். மேற்புறச் சரிவில் மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டும் செலவையும் மதிப்பீட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.